பத்தாயத்து எலி

நெல்லை அளந்து பத்தாயத்தில் கொட்டி, பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொள்ளுங்கள். ஆறு மாதம் கழித்துத் திறந்து மறுபடி அளந்து பாருங்கள். குறையும். யாரும் திருடவில்லை. ஈரம் காய்ந்தது கொஞ்சம், அந்துப்பூச்சி கொஞ்சம், எலி கொஞ்சம். தஞ்சாவூர் ஜில்லாவில் இதற்காக யாரும் போலீஸுக்குப் போனதாகத் தெரியவில்லை. 'காய்ச்சல், கழிவு' என்று ஒரு வரி எழுதிவிட்டு மேலே போவார்கள்.

அதே சமாசாரம் எலெக்ட்ரிக் காரில் நடந்தால் மட்டும் நமக்கு ரத்தக் கொதிப்பு வந்துவிடுகிறது.

மயிலாடுதுறையிலிருந்து ஒரு வாசகர் (அவர் இன்னும் மாயவரம் என்றுதான் எழுதுகிறார்) கோபமாகக் கேட்டிருக்கிறார்: "80 சதவிகிதத்தில் காரை நிறுத்திவிட்டுப் பதினைந்து நாள் காசிக்குப் போய் வந்தேன். திரும்பி வந்து பார்த்தால் 74. கார் ஷெட்டை விட்டு அங்குலம்கூட நகரவில்லை. மீதி 6 எங்கே போயிற்று? கரண்டிலுமா கமிஷன்?"

ஐயா, கமிஷன் இல்லை. சம்பளம்.

பி.காம். படித்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். கடையைத் திறக்கவே இல்லை, ஒரு பைசா வியாபாரம் இல்லை என்றாலும் வாடகை உண்டு, வாட்ச்மேன் சம்பளம் உண்டு. 'நிலையான செலவு' என்று முதல் வருஷத்திலேயே சொல்லிக் கொடுத்துவிடுகிறார்கள். நிறுத்திவைத்த எலெக்ட்ரிக் கார் மூடிக் கிடக்கிற கடைதான். ஆனால் உள்ளே நாலைந்து பேர் சம்பளத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

ஒருவர், சாவிக்காரர் வருகிறாரா என்று கதவோரம் காதை வைத்துக்கொண்டே இருப்பவர். இன்னொருவர் திருட்டு அலாரம். மூன்றாமவர் பாட்டரியின் நாடியை அவ்வப்போது பிடித்துப் பார்க்கிற வைத்தியர். நாலாமவர் டெலிபோன் ஆபரேட்டர். ஆமாம், இந்தக் கார்களுக்குள் ஒரு சிம் கார்டு இருக்கிறது. உங்கள் செல்போனிலிருந்து, "காரே, சௌக்கியமா?" என்று கேட்டால் பதில் சொல்ல வேண்டியது இவர் பொறுப்பு. இத்தனை பேருக்கும் ஷிஃப்ட் கிடையாது. இருபத்துநாலு மணி நேரமும் டியூட்டி.

அமெரிக்காவில் இந்தச் செலவுக்கு வைத்திருக்கும் பெயர் 'வாம்பயர் டிரெயின்'. ராத்திரி வந்து ரத்தம் குடிக்கும் காட்டேரியாம். அவர்கள் ஊரில் பத்தாயம் இல்லை, பாவம். இருந்திருந்தால் எலி என்று சொல்லியிருப்பார்கள்.

சரி, எவ்வளவுதான் தின்கிறது இந்த எலி? மாயவரத்துக்காரர் என்ன கார் என்று எழுதவில்லை. 2020-ல் வந்த முதல் டாடா நெக்ஸான் போல 30.2 யூனிட் பாட்டரி என்று வைத்துக்கொண்டால், 6 சதவிகிதம் என்பது இரண்டு யூனிட்டுக்கும் குறைவு. காசியில் படகுக்காரரிடம் பேரம் பேசாமல் விட்டதே இதைவிட அதிகமாக இருக்கும். டெஸ்லாக்காரர்கள் தங்கள் பழைய கையேடுகளில், சும்மா நிற்கும்போது சராசரியாக நாளைக்கு 1 சதவிகிதம் போகும் என்று அவர்களே எழுதிக் கொடுத்திருந்தார்கள். காரைச் சுற்றி யார் நடமாடுகிறார்கள் என்று காமிரா வழியாகக் கண்காணிக்கும் வசதியைப் போட்டுவைத்தால் இன்னும் பல மடங்கு. வாட்ச்மேனுக்கு ஓவர்டைம் கொடுக்க வேண்டாமா?

இதில் லித்தியம் பாட்டரி தானாகவே கசிந்து இழப்பது மிகச் சொற்பம். மாதத்துக்கு இரண்டு, மூன்று சதவிகிதத்தைத் தாண்டாது. மற்றதெல்லாம் மேற்படி ஊழியர்களின் படிக்காசு.

ஆக, பெரிய பாட்டரியில் ஐந்தோ ஆறோ குறைந்ததற்குக் கவலைப்பட வேண்டியதில்லை. கவலைப்பட வேண்டியது வேறு இடத்தில் இருக்கிறது. பலருக்கு அது தெரியாது. எலெக்ட்ரிக் காரில் பாட்டரி ஒன்று அல்ல, இரண்டு.

சீட்டுக்கு அடியில் பாய் விரித்தாற்போல் படுத்திருக்கிற பெரிய பாட்டரி சில நூறு வோல்ட். காரை ஓட்டுவது அது. இது தவிர, பானெட்டைத் திறந்தால் நம் பழைய அம்பாஸடரில் இருந்த அதே ஜாதியில், டிஸ்டில்டு வாட்டர் வம்சத்தில் வந்த ஒரு 12 வோல்ட் பாட்டரி சமர்த்தாக உட்கார்ந்திருக்கும். (சில புது மாடல்களில் இதுவும் லித்தியமாகிவிட்டது.) கதவுப் பூட்டு, விளக்கு, கம்ப்யூட்டர், அந்த நாலைந்து ஊழியர்கள் எல்லாருக்கும் சோறு போடுவது இந்தச் சின்னவர்தான். இவர் களைக்கும்போது பெரியவர் கொஞ்சம் ஊட்டிவிடுவார். சில மாடல்களில் நிறுத்தியிருக்கும்போதே தானாக ஊட்டும். சிலவற்றில் காரை 'ஆன்' செய்தால்தான் ஊட்டும்.

இதில் ஒரு விசேஷம். பெரிய பாட்டரியைக் காரோடு இணைக்கிற ஸ்விட்ச் ஒன்று உண்டு. நிறுத்தியதும் பாதுகாப்புக்காக அது திறந்துகொண்டு பெரியவரைத் தனிமைப்படுத்திவிடும். மறுபடி மூட வேண்டுமென்றால் அந்த ஸ்விட்சைத் தட்டுகிற சக்தி 12 வோல்ட்டுக்காரரிடமிருந்துதான் வர வேண்டும்.

டெல்டாக்காரர்களுக்கு இதை விளக்க ஒரே வரி போதும். மேட்டூரில் 120 அடி தண்ணீர் நிற்கிறது, 93.47 டி.எம்.சி., அணை நிரம்பி வழிகிறது. ஆனால் உங்கள் வாய்க்கால் மதகைத் திறக்க வேண்டிய லஸ்கர் மயங்கி விழுந்துவிட்டார். வயலுக்கு ஒரு சொட்டு வருமா?

வராது. பெரிய பாட்டரியில் 90 சதவிகிதம் இருந்தாலும், சின்னது செத்துவிட்டால் கார் ஒரு அலமாரி. அதுவும் பூட்டின அலமாரி. ரிமோட்டுக்குத் திறக்காது. ஸ்டார்ட் ஆகாது. பல மாடல்களில் சார்ஜரைச் செருகினாலும் ஏறாது.

பாபநாசம் தாலுகாவில் ஒரு கிராமம். அப்பா, அம்மா இரண்டே பேர். மகன் சிங்கப்பூரில். தை மாதம் வந்தபோது எலெக்ட்ரிக் கார் வாங்கி, நடையோரக் கொட்டகையில் நிறுத்தி, "ஆத்திர அவசரத்துக்கு இருக்கட்டும்பா. தெற்குத் தெரு பையன் ஓட்டுவான்" என்று சொல்லிவிட்டு விமானம் ஏறினார். நல்ல மகன்தான். குறை சொல்ல முடியாது. அப்பா தன் டி.வி.எஸ். ஐம்பதிலேயே போய்வந்துகொண்டிருந்தார். புதுக் காருக்கு ஒரு போர்வை போர்த்தி வைத்தார்.

ஆனால் மகனுக்கோ கார் ஞாபகம். ஆபீஸ் போகிற வழியில் ஒரு தடவை செல்போனில் 'ஆப்'பைத் திறப்பார். சாப்பாட்டு வேளையில் ஒரு தடவை. மீட்டிங் நடுவில் மேஜைக்கு அடியில் ஒரு தடவை. சார்ஜ் எவ்வளவு, கதவு பூட்டியிருக்கிறதா, உள்ளே எவ்வளவு சூடு? பார்த்துப் பார்த்துச் சந்தோஷப்படுவார். அவர் ஒவ்வொரு முறை விசாரிக்கும்போதும் இங்கே கொட்டகையில் கார் தூக்கத்திலிருந்து எழுந்து, கம்ப்யூட்டர்களை எல்லாம் தட்டி எழுப்பி, "சௌக்கியம் எஜமானே" என்று பதில் அனுப்பிவிட்டு மறுபடி படுத்துக்கொள்ளும்.

இதற்கு ஒரு உத்தேசக் கணக்குப் போடலாம். சின்ன பாட்டரி 45 ஆம்பியர்-மணி. கார் தூங்கும்போது 50 மில்லி ஆம்பியர் இழுக்கிறது என்றால் நாளைக்கு 1.2. ஆக முப்பத்தேழு நாள் தாங்கும். அதுவும் ஏட்டுக் கணக்கு. வெயிலில் வெந்த பாட்டரிக்குப் பாதி நாள். இப்போது ஆப் வருகிறது. ஒவ்வொரு விசாரிப்புக்கும் கார் பத்து நிமிஷம் விழித்திருந்து 5 ஆம்பியர் இழுக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நாளைக்குப் பத்து தடவை விசாரித்தால் 8.3. பழைய 1.2-ஐயும் சேர்த்தால் 9.5. பெரியவர் ஊட்டாவிட்டால் ஐந்தாம் நாள் சின்னவர் காலி. ஊட்டினாலும், அப்படி ஏறி இறங்கி ஏறி இறங்கியே அவருடைய ஆயுசு குறையும்.

பங்குனியில் ஒரு ராத்திரி, இரண்டு மணி இருக்கும். அம்மாவுக்கு மூச்சுத் திணறல். தெற்குத் தெரு பையன் ஓடிவந்தான். போர்வையை உருவினார்கள். ரிமோட்டை அமுக்கினார்கள். ம்ஹூம். இன்னும் கிட்டே போய் அமுக்கினார்கள். காரில் கண்ணிமைக்கும் ஒரு விளக்கு கிடையாது. தள்ளி ஸ்டார்ட் செய்யலாமா என்று ஒருவர் கேட்டார். பழக்க தோஷம். அம்பாஸடரைத் தள்ளின கை.

அப்பா சிங்கப்பூருக்கு போன் போட்டார். மகன் பதறி எழுந்து ஆப்பைப் பார்த்தார்.

"அப்பா, 62 சதவிகிதம் காட்டுதேப்பா! கார் நல்லாத்தானே இருக்கு?"

"அது உன் போன்ல இருக்குடா. இங்க கார்ல இல்லை."

விஷயம் இதுதான்: சின்ன பாட்டரி செத்ததும் காருக்குள் இருக்கிற டெலிபோன் ஆபரேட்டரும் படுத்துவிட்டார். கடைசியாக அவர் அனுப்பின தகவலையே ஆப் பத்திரமாகக் காட்டிக்கொண்டிருந்தது. 'எங்கப்பன் குதிருக்குள்ளே இல்லை' என்ற கதையாக, கார் செத்ததைக் காரே எப்படிச் சொல்லும்?

108 வந்தது. அம்மாவைத் தஞ்சாவூர் மெடிகல் காலேஜ் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். ஒரு வாரத்தில் வீடு திரும்பிவிட்டார். இப்போது நலம். காரையும் ஒரு மெக்கானிக் வந்து, வேறொரு 12 வோல்ட் பாட்டரியை வயர் போட்டு இணைத்துப் பத்தே நிமிஷத்தில் எழுப்பிவிட்டார். "சின்ன விஷயம் சார்" என்றாராம். சின்ன விஷயம்தான். ராத்திரி இரண்டு மணிக்கு மட்டும் அது பெரிசு.

இந்தச் சின்ன பாட்டரிக்குச் சரித்திரத்தில் ஒரு பழைய கணக்கும் உண்டு. 1859-ல் கஸ்தோன் பிளான்தே என்ற பிரெஞ்சுக்காரர் ஈயத் தகட்டையும் அமிலத்தையும் வைத்து இதைக் கண்டுபிடித்தார். 1900 வாக்கில் அமெரிக்கத் தெருக்களில் எலெக்ட்ரிக் கார்கள் சக்கைப்போடு போட்டன. பெட்ரோல் கார் என்றால் முன்னால் குனிந்து ஹாண்டில் போட்டுச் சுற்ற வேண்டும். எசகுபிசகாகத் திருப்பினால் மணிக்கட்டு உடையும். 1912-ல் காடிலாக் காரில் எலெக்ட்ரிக் ஸ்டார்ட்டர் வந்தது. சார்லஸ் கெட்டரிங் என்பவரின் உபயம். ஹாண்டிலுக்கு வேலை போயிற்று. எலெக்ட்ரிக் காருக்குக் கொஞ்ச காலத்தில் மார்க்கெட்டே போயிற்று. அப்படி ஒரு காலத்தில் பெட்ரோல் காருக்கு உயிர் கொடுத்து எலெக்ட்ரிக் காரை ஓரங்கட்டிய அதே ஈய பாட்டரி, நூறு வருஷம் கழித்து எலெக்ட்ரிக் காருக்குள்ளேயே உட்கார்ந்துகொண்டு, "நான் இல்லாமல் நீ நகர்ந்துவிடுவாயா?" என்று கேட்கிறது!

இது ஏதோ பாபநாசத்தில் மட்டும் நடக்கிற கதை என்று நினைக்க வேண்டாம். 2024 ஜூனில் ஹூண்டாய் நிறுவனம் இந்தியாவில் 1,744 ஐயோனிக் 5 கார்களைத் திரும்ப அழைத்துச் சோதித்தது. நம் ஸ்ரீபெரும்புதூரில் பூட்டிய கார்கள். அதே 2024-ல் அமெரிக்காவில் அந்தக் குடும்பத்துக் கார்களை லட்சத்துக்கு மேல் அழைத்தார்கள். என்ன கோளாறு? பெரிய பாட்டரியிலிருந்து சின்னதுக்கு ஊட்டிவிடுகிற கருவி பழுதாகி, சின்னது காலியாகலாம் என்ற சந்தேகம். அது நிறுத்திவைத்ததால் வரும் கோளாறு அல்ல, வேறு வழியில் வருவது. ஆனால் முடிவு ஒன்றுதான். சின்னவர் விழுந்தால் பெரியவரும் விழுந்தார். நாற்பது லட்ச ரூபாய்க்கு மேல் விற்கிற காருக்கும் அச்சாணி ஒரு ஈயப் பெட்டிதான்.

2020 மார்ச் 25-ல் ஊரடங்கு வந்தபோது பெட்ரோல், டீசல் கார்களுக்கும் இதே கதிதான். இரண்டு மாதம் கழித்துத் தெருவுக்குத் தெரு செத்த பாட்டரி. மெக்கானிக்குகளுக்கு அப்போது இருந்த மரியாதை கலெக்டருக்குக்கூட இல்லை. வித்தியாசம் என்னவென்றால், பழைய கியர் காரை நாலு பேர் தள்ளினால் உறுமி எழுந்துகொள்ளும். எலெக்ட்ரிக் காரை நாற்பது பேர் தள்ளினாலும் எழாது.

இனி, வீட்டில் எலெக்ட்ரிக் காரை நிறுத்திவைத்திருப்பவர்கள் (முக்கியமாக வெளியூர்ப் பிள்ளைகள்) குறித்துக்கொள்ள வேண்டியவை:

மாதக்கணக்கில் நிறுத்துவதானால் பெரிய பாட்டரியை 50 சதவிகிதம் வாக்கில் விடுங்கள். நூறு வரை ஏற்றிக் கத்திரி வெயிலில் நிறுத்துவது வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு வெயிலில் படுக்கிற மாதிரி. லித்தியத்துக்கு ஆகாது. 20-க்குக் கீழேயும் விடாதீர்கள். பெரியவரே பட்டினி என்றால் சின்னவருக்கு ஊட்டுவதை நிறுத்திவிடுவார்.

ஐப்பசி, கார்த்திகையில் இந்த விதிக்கு விலக்கு. 2018 நவம்பர் 16-ல் வேதாரண்யம் பக்கம் கஜா புயல் கரையேறிய பிறகு எத்தனை கிராமங்களில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை என்பதை நாகப்பட்டினம், திருவாரூர், பட்டுக்கோட்டைக்காரர்களைக் கேளுங்கள். புயல் சின்னம் என்று ரேடியோ சொன்னால், ஆயுசைப் பற்றி யோசிக்காமல் நிறைய ஏற்றிவையுங்கள். தண்ணீர் ஏறாத மேட்டில் நிறுத்துங்கள்.

வாரத்துக்கு ஒரு நாள் அரை மணி நேரம் ஓட்டச் சொல்லுங்கள். காவிரிக் கரையோரமாகத் திருவையாறு வரை போய், அசோகா அல்வா வாங்கிக்கொண்டு வந்தால் சின்ன பாட்டரிக்கும் நல்லது, வீட்டுக்கும் நல்லது. (சர்க்கரை உள்ளவர்கள் அல்வாவை மட்டும் விட்டுவிடலாம்.)

சாவியைக் காருக்குப் பக்கத்துச் சுவரில் ஆணியடித்து மாட்டாதீர்கள். சாவி பக்கத்திலேயே இருந்தால், "எஜமான் வந்துவிட்டார்" என்று நினைத்துச் சில கார்கள் தூங்கவே தூங்காது. பூஜை அறைப் பக்கம் வையுங்கள்.

ஆக்ஸஸரீஸ் கடையில் தனியாக வாங்கிப் பொருத்தின காமிரா, வண்டி எங்கே இருக்கிறது என்று சொல்லும் கருவி, இதெல்லாம் சின்னவர் இலையில் உட்காரும் அழையா விருந்தாளிகள். நிறுத்தும்போது பிடுங்கிவிடுங்கள்.

12 வோல்ட் பாட்டரிக்கு மூன்று, நான்கு வயதாகிவிட்டால் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு மீட்டர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஓய்வில் 12.6 இருந்தால் ஆரோக்கியம். 12-க்குக் கீழே போனால் ஆள் கிட்டத்தட்டக் காலி.

ரிமோட் சாவிக்குள்ளேயே ஒளித்துவைத்த ஒரு நிஜச் சாவி பல கார்களில் உண்டு. அதை உருவுவது எப்படி, எந்தக் கதவில் துவாரம் என்பதை வீட்டிலிருக்கும் பெரியவர்களுக்குப் பகல் வெளிச்சத்தில் ஒரு தடவை காட்டிக்கொடுங்கள். வெளியிலிருந்து 12 வோல்ட் கொடுத்து எழுப்புகிற முறையைக் கார் கையேட்டில் பார்த்து, தெற்குத் தெரு பையனுக்கும் சொல்லிவையுங்கள். ஆனால் உங்கள் எலெக்ட்ரிக் காரிலிருந்து அடுத்த வீட்டு டீசல் வண்டிக்கு உயிர் கொடுக்கும் தர்ம காரியம் வேண்டாம். பெரும்பாலான கையேடுகள் கூடாது என்கின்றன.

108-ஐ மறக்காதீர்கள். அதற்கு ஆப் வேண்டாம்.

கடைசியாக, அந்த ஆப். ஒரு நாளைக்கு ஒரு தடவைக்கு மேல் திறக்காதீர்கள். காருக்கு உங்கள் ஞாபகம் வராது. கை துறுதுறுத்தால் அதே போனில் வீட்டுக்குக் கூப்பிடுங்கள். காருக்குப் பத்து தடவை, அப்பாவுக்கு வாரத்துக்கு ஒரு தடவை என்று இருந்த கணக்கை அப்படியே மாற்றிப்போடுங்கள். அம்மாவுக்கு மூச்சு வாங்குகிறதா, மாத்திரை தீர்ந்துவிட்டதா, கொட்டகையில் வண்டி கிளம்புகிறதா, எல்லாம் ஒரே போனில் தெரிந்துவிடும். எந்த ஆப்பும் இவ்வளவு காட்டாது.

சிங்கப்பூர்க்காரர்கள் மட்டும் நேரம் பார்த்துப் போடவும். அங்கே காலை ஏழு என்றால் இங்கே நாலரை. ஒன்றும் பாதகமில்லை. டெல்டாவில் பெரியவர்கள் அதற்குள் எழுந்து வாசலில் உட்கார்ந்திருப்பார்கள்.